சம்பந்தமும் சட்டமும்

மலபார் சென்னை மாகாணத்துள் அடங்கியிருந்த காலத்து, நாயர் குடிகளின் 'சம்பந்தம்' என்னும் மணமுறை அரசியல் வழக்காயிற்று. ஆணும் பெண்ணும் உடன்பட்டுக் கூடும் இவ்வுறவினின்று இருவருள் எவரும் விலகலாம். முற்காலத்தில் ஒருத்தி ஒருவர்க்கு மேற்பட்டாரோடு இவ்வுறவு கொள்ளலும் உண்டு. மக்கள் தாய்வழிக் கூட்டுக்குடும்பமாகிய தறவாட்டிற்கே உரியராதலின், தந்தை யாவர் என்னும் வினா சொத்தைத் தொடவில்லை.

ஆங்கில ஆட்சியின் நீதிமன்றங்கள் இதனைச் சட்டமுறை மணமாகக் கொள்ளவில்லை. ஆகவே 1891-இல் நீதிபதி முத்துசாமி ஐயர் தலைமையில் குழுவொன்று அமைந்தது. 'இந்துலேகா' ஆசிரியரும் குழு உறுப்பினருமாகிய சந்து மேனோன், சம்பந்தம் முன்னரே மணந்தான் என்று வேறுபட்டு நின்றார். 1896-இல் சம்பந்தத்தைப் பதிந்துகொள்ளச் சட்டம் வந்தது. பதிந்தோர் மிகச் சிலரே.

1933-இல் நடைமுறைக்கு வந்த மருமக்கத்தாயச் சட்டமோ வேரூன்றியது. அது சம்பந்தத்தை மணமென ஏற்றது. ஒரு மணம் நிலைத்திருக்க மற்றொன்று கொள்ளலைத் தடுத்தது. மனைவி மக்களுக்குச் சீவனாம்ச உரிமை தந்தது. தறவாட்டுச் சொத்தைப் பங்கிடவும் வழி திறந்தது. இப்பங்கீட்டு வேட்கையே அதன் வெற்றிக்குக் காரணம் என்பது எம் துணிபு. ஒழுக்கம் பேசப்பட்டது, சொத்தே தீர்மானித்தது. பெண் பெற்றது சட்டத்தின் காப்பு; இழந்தது தன் விருப்பொன்றாலேயே விலகும் எளிமை. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணாமல் இச்சீர்திருத்தத்தை அளத்தல் பொருந்தாது என்க.