ஹைட்டியின் இரட்டைக் கடன்

1804-இல் அடிமைத்தளையை அறுத்து விடுதலை பெற்ற ஹைட்டியை அங்கீகரிக்க வேண்டுமானால், நிலத்தையும் அடிமைகளையும் இழந்த பிரெஞ்சுப் பண்ணையாளர்களுக்கு 15 கோடி பிராங்க் இழப்பீடு தரவேண்டும் என 1825-இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் பிறப்பித்த ஆணை போர்க்கப்பல்களோடு வந்துசேர, ஹைட்டி அதிபர் புவாயே அதை ஏற்றார். முதல் தவணையான 3 கோடிக்கே பாரிஸ் வங்கியாளர்களிடம் கடன் வாங்க நேர்ந்தது. கடன்பத்திரங்கள் கழிவில், அதாவது முகமதிப்பில் நூற்றுக்கு எண்பது என்ற விலையில் விற்கப்பட்டதால், கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம்தான், வட்டியோ முழுத்தொகைக்கும். இழப்பீடும் அதைக் கட்ட வாங்கிய கடனும் சேர்ந்த இச்சுமையே இரட்டைக் கடன் எனப்படுகிறது. 1838-இல் இழப்பீட்டு நிலுவை 6 கோடியாகக் குறைக்கப்பட்டதைக் கருணை என்று கொள்வதற்கில்லை. இல்லாத பணத்தை வசூலிக்க வழியில்லை என்பதே காரணம். கருவூலம் பெரிதும் காப்பி ஏற்றுமதி வரியையே நம்பியிருந்ததால், கடன் இறுதியில் மலைச்சரிவுகளில் காப்பி விளைவித்த குடியானவர்கள் தலையில்தான் விடிந்தது.