எழுத்தும் வடிவமும் யாருக்கு? - பௌஹவுஸ் மாணவர் இருவரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கலை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் முதிர்ந்த கலைஞரின் முழுமை பெற்ற ஆக்கங்களையே ஆராய்கின்றன. ஒரு மாணவன் தன் துறையைக் கற்கும் காலத்தில் மேற்கொண்ட தேடல்களும் பரிசோதனைகளும் அடிக்குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றன. எனினும், ஒரு காலத்தின் சமூகச் சூழலுக்கும் கலை வடிவத்துக்கும் உள்ள தொடர்பை மாணவப் பருவத்து ஆக்கங்களே சில வேளைகளில் தெளிவாகப் புலப்படுத்துகின்றன. வரைகலைத்துறையில் இதற்குத் தக்க சான்றாக அமைபவர், ஜேர்மனியின் பௌஹவுஸ் கல்லூரியிற் பயின்ற ஹேர்பேர்ட் பாயர் ஆவார்.

முதலாம் உலக யுத்தத்தில் ஜேர்மனி தோல்வியுற்றதை அடுத்து, 1919 இல் வைமார் நகரில் வால்ட்டர் குறோப்பியஸ் இக்கல்லூரியை நிறுவினார். கலைஞனுக்கும் கைவினைஞனுக்கும் இடையில் எழுப்பப்பட்டிருந்த சுவரைத் தகர்ப்பதே அவரது நோக்கமாகும். இங்கு சேர்ந்த மாணவர், முதலில் யோகான்னஸ் இற்றன் நடத்திய ஆரம்பப் பயிற்சியைப் பெற்றனர். முன்னோர் ஆக்கங்களைப் பிரதி செய்வதை விடுத்து, மரம், துணி, கண்ணாடி, உலோகம் ஆகியவற்றின் தன்மையைத் தொட்டும் வரைந்தும் அறிவதே அப்பயிற்சியின் சாரமாகும். அதன் பின்னரே பட்டறைகளிற் சேர அனுமதி கிடைத்தது.

1900 இல் ஒஸ்திரியாவிற் பிறந்த பாயர், 1921 இல் இங்கு மாணவரானார். அவர் சேர்ந்தது அச்சுப் பட்டறையில் அன்று. கன்டின்ஸ்கியின் பொறுப்பிலிருந்த சுவரோவியப் பட்டறையிலேயாகும். முக்கோணத்துக்கு மஞ்சள், சதுரத்துக்குச் சிவப்பு, வட்டத்துக்கு நீலம் என வடிவத்தையும் நிறத்தையும் இணைத்துக் காணும் கொள்கை அங்கு விவாதிக்கப்பட்டது. 1923 ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கல்லூரியின் மாடிப்படிச் சுவர்களிற் பாயர் தீட்டிய ஓவியங்கள், அக்கொள்கையைச் சோதித்துப் பார்த்தவையே எனலாம்.

அதே ஆண்டில் வரலாறு அவரது மேசைக்கே வந்து சேர்ந்தது. 1914 இல் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 4.2 மார்க் பெறுமதியிருந்தது. 1923 நவம்பரில் அது 4.2 இலட்சம் கோடி மார்க்காயிற்று. மத்திய வங்கி அச்சிட்ட தாள்கள் போதாமையால், மாநிலங்களும் நகரங்களும் தாமே அவசர நாணயத்தாள்களை வெளியிட்டன. தூரிங்கிய மாநில வங்கிக்குப் பத்து இலட்சம், இருபது இலட்சம் மார்க் தாள்களை வடிவமைக்கும் பணி, மாணவராயிருந்த பாயரிடம் ஒப்படைக்கப்பட்டது.

நாணயத்தாள் என்றாலே மன்னர் உருவமும் கொடிப்பின்னலும் வேண்டுமென்பது அக்கால மரபு. பாயரோ அவற்றை நீக்கி, பெரிய இலக்கங்களையும், அலங்காரமற்ற தடித்த எழுத்துகளையும், கோடுகளையும் நிறப்பரப்புகளையுமே பயன்படுத்தினார். பெறுமதி நாளுக்கு நாள் மாறும் பணத்தில், அதன் தொகையை ஒரே பார்வையில் உணர்த்துவதே முதன்மைத் தேவையாயிற்று. பட்டறையிற் பயின்ற எளிமை இவ்வாறு சமுதாயத் தேவையோடு பொருந்தியமை மனங்கொள்ளத்தக்கது. ஆனால், சீரிய வடிவம் அத்தாளின் பெறுமதியைக் காக்கவில்லை என்பதும் உடன் நோக்கற்பாலது.

1925 இல் கல்லூரி டெசாவ் நகருக்கு இடம்பெயர்ந்தபோது, பாயர் அங்கு அச்சு, விளம்பரப் பட்டறையின் பொறுப்பாசிரியரானார். வட்டத்தின் வில்களையும் நேர்கோடுகளையும் கொண்டு, பெரிய எழுத்துகளே இல்லாத ஓர் அகரவரிசையை அவர் வரையத் தொடங்கினார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமற்ற தமிழைப் பயிலும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாதிருக்கலாம். பெயர்ச்சொற்கள் அனைத்தையும் பெரிய எழுத்தில் தொடங்கும் ஜேர்மன் மொழியிலோ அது மரபையே அசைக்கும் முயற்சியாகும். பேசும்போது இல்லாத வேறுபாடு எழுதும்போது எதற்கு என்பதே அவர் தரப்பு வாதம்.

இவ்வளவில் நிறுத்தினால் இது வெற்றிக் கதையாகவே முடியும். ஆனால், 1928 இல் கல்லூரியை விட்டு விலகிப் பேர்லினில் விளம்பரத்துறையில் ஈடுபட்ட பாயர், 1936 இல் நாசி அரசு நடத்திய 'டொய்ச்லான்ட்' கண்காட்சிக்கான பிரசுரத்தையும் வடிவமைத்தார். 1938 இல் அவர் ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்.

அவருக்குப் பின் 1927 முதல் 1930 வரை டெசாவிற் பயின்றவர் பிரான்ஸ் ஏர்லிக். கம்யூனிஸ்டான இவர் நாசிகளுக்கு எதிரான செயற்பாட்டுக்காகச் சிறையிடப்பட்டு, பின்னர் வைமாருக்கு அண்மையிலுள்ள புக்கன்வால்ட் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். முகாம் வாயிற் கதவின் எழுத்துகளை வரையுமாறு காவற்படை அவரைப் பணித்தது. 'அவரவர்க்கு அவரவர்க்குரியது' எனப் பொருள்படும் அவ்வாசகம், உள்ளிருக்கும் கைதிகள் வாசிக்கத்தக்கதாக உள்நோக்கி அமைந்தது. நாசிகள் இழித்துரைத்த பௌஹவுஸின் எழுத்து மரபையே ஏர்லிக் அதிற் கையாண்டார். அதனை மௌன எதிர்ப்பெனக் கொள்வோரும் உளர்.

ஒரே கல்லூரியின் வழிவந்த எழுத்து, சுதந்திர மனிதன் கையில் ஆட்சியாளரின் பிரசாரத்துக்கு உதவிற்று. கைதியின் கையில் ஆட்சியாளரின் கதவிலேயே அவர்கள் வெறுத்த மரபாக நின்றது. எனவே, வடிவத்துக்குத் தானே ஓர் அறம் உண்டெனக் கூறுதல் பொருந்தாது. பொருளின் தன்மையை அறியவும் தேவையற்றதை நீக்கவும் அப்பட்டறைகள் செம்மையாகக் கற்பித்தன. அத்திறனை யாருக்காக, எவ்வரம்புவரை பயன்படுத்துவது என்ற வினாவுக்கு விடை, மாணவர் ஒவ்வொருவரும் தாமே காணவேண்டியதாக எஞ்சியது. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் நம்மனோர், முறையியலோடு சேர்த்து இவ்வினாவையும் தம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்வது நன்று.