கேட்க மாட்டோம் என்ற இருவர்

அடுத்தவளோடு உன்னை ஒப்பிட்டுப் பார்க்காதே, இருப்பதைக் கொண்டு நிறைவாக இரு. பெண்ணாகப் பிறந்தவர்கள் இந்த அறிவுரையைக் கேட்காமல் வளர்வதில்லை. ஒப்பீடு மனநிறைவை அரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒப்பிட வேண்டிய நிலையை உண்டாக்கியது யார் என்று அந்த அறிவுரை கேட்பதில்லை. 1916இல் திருவண்ணாமலையில் நடந்த ஒன்றைக் கொண்டு இதை யோசிக்கிறேன்.

அந்த ஆண்டு அழகம்மாள், தம் மகன் ரமணரோடு தங்கிவிடுவதென்று வந்தார். 1892இல் கணவரை இழந்தவர். 1896இல் வீட்டை விட்டுப் போன மகனை 1898இல் பவழக்குன்றில் கண்டு அழைத்தும், தனியே திரும்பியவர். இப்போது மகன் இருந்தது விருபாட்ச குகையில். உடனிருந்த அன்பர்கள் தாயார் தங்குவதை எதிர்த்தார்கள். இவரை அனுமதித்தால் எச்சம்மாள் போன்றவர்களும் இடம் கேட்பார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

எச்சம்மாள் மண்டகொளத்தூர்க்காரர். இளவயதிலேயே கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து 1906இல் இங்கு வந்தார். நாள்தோறும் சமைத்து, மலையேறிக் கொண்டுவந்து ரமணருக்குப் படைத்தார். 1945இல் இறக்கும்வரை அந்தத் தொண்டை விடவில்லை. காரைக்காலிலிருந்து வந்த முதலியார் பாட்டியும் அப்படியே. அவர்கள் சமைத்த சோற்றுக்குக் குகையில் இடமிருந்தது, அவர்களுக்கு இல்லை.

தாங்கள் இடம் கேட்க மாட்டோம், இந்த அம்மாள் இருக்கட்டும் என்று இந்த இருவரும் சொன்னார்கள். ரமணர் தாயின் கையைப் பிடித்து, இங்கில்லையென்றால் வேறெங்காவது போவோம் என்று எழுந்த பிறகே எதிர்ப்பு அடங்கியதாக ஆசிரம நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன.

பெண்கள் ஒப்பிட்டுச் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தவர்கள் ஆண்கள். பத்தாண்டாக அன்னமிட்ட எச்சம்மாள், 'அவருக்கு உண்டு, எனக்கு ஏன் இல்லை?' என்று கேட்டிருந்தால் அது நியாயமாகவே இருந்திருக்கும். அவர் கேட்கவில்லை. அதை மனநிறைவு என்று நான் மதிக்கிறேன். ஆனால் அவருடைய நிறைவு அந்தத் தடையை நியாயமாக்கிவிடாது.

இடம் கிடைத்த அழகம்மாளையும் ஒப்பீடு விடவில்லை. மற்றவர்களோடு பேசும் மகன் தம்மிடம் பாராமுகமாக இருந்ததில் நொந்தார். எல்லாப் பெண்களும் தமக்குத் தாய்மாரே என்பது மகனின் பதில். பிறகு ஸ்கந்தாசிரமத்தில் அவர் அடுப்பு மூட்டினார். அங்கிருந்த எல்லோருக்கும் சமைத்துப் போட்டார்.

1922 மே 19 அன்று அழகம்மாள் மறைந்தார். மலையடிவாரத்தில் அவருடைய சமாதியை ஒட்டித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. 1949இல் அங்கே மாத்ருபூதேசுவரர் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. ஒரு தாயின் சமாதியருகே எழுந்த அந்த ஆசிரமத்திலும், ரமணர் காலத்தில் பெண்கள் இரவு தங்கக்கூடாது என்பதே விதி.

இன்னொருத்திக்குக் கிடைத்ததோடு என் பங்கை அளப்பது ஒன்று. பெண்களுக்கெல்லாம் மறுக்கப்படுவதை, ஆண்களுக்குக் கேளாமலே கிடைப்பதோடு வைத்துப் பார்ப்பது வேறொன்று. முதலாவது நம் நிம்மதியைத் தின்னும், அதை விட்டுவிடலாம். இரண்டாவதையும் சேர்த்து விடச் சொல்லும்போதுதான் 'போதும்' என்ற சொல்லை நான் சந்தேகிக்கிறேன்.