காத்திருக்காத அம்மை

1736ஆம் ஆண்டு, நவம்பர் மாதம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பெரியம்மைக்குப் பலியானான். பெற்ற தந்தை பேதையுமல்ல, பழமைக்குப் பல்லக்குத் தூக்கியவருமல்ல. பின்னாளில் உலகுக்கு இடிதாங்கியை அளித்த பெஞ்சமின் பிராங்க்ளின்! அறிவொளி வீசிய இல்லத்திலே இருள் நுழைந்தது எப்படி?

அன்று தடுப்பூசி இல்லை. நோயாளியின் கொப்புளச் சீழைச் சிறிதளவு எடுத்து, நலமுள்ளவரின் தோலைக் கீறி ஏற்றும் முறையே இருந்தது. பாஸ்டன் நகருக்கு அதை எடுத்துரைத்தவர் ஒனேசிமஸ் எனும் ஆப்பிரிக்க அடிமை. அடிமையின் வாயிலிருந்து அறிவு பிறப்பதா என்று எள்ளினர் சிலர். ஆண்டவன் அனுப்பிய நோயை மனிதன் தடுப்பதா என்று சீறினர் சிலர். 1721இல் அந்நகரைப் பெரியம்மை சூறையாடிற்று. 844 பேர் மாண்டனர். தானாக நோய் கண்டோரில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர் மடிந்தனர். அம்மை குத்திக்கொண்டோரிலோ, நூற்றுக்கு இரண்டு மூன்று பேரே!

அப்போது பாஸ்டனில், அண்ணனின் அச்சகத்தில் வேலை பழகிய 15 வயதுச் சிறுவன்தான் பிராங்க்ளின். அண்ணனின் ஏடு அம்மை குத்துவதை எதிர்த்தது. வளர்ந்த தம்பியோ, கணக்கைக் கண்டு அதை ஆதரித்தார். ஆயினும், தம் மகனுக்கு வயிற்றுப்போக்கு. உடல் தேறட்டும், பிறகு குத்தலாம் என்று காத்திருந்தார். அம்மை காத்திருக்கவில்லை! குத்தியதால்தான் பிள்ளை இறந்தான் என்று ஊர் பேசிற்று. அதை மறுத்துத் தம் ஏட்டிலே உண்மையை வெளியிட்டார். பின்னர் எழுதிய தன்வரலாற்றிலும், குத்தாமல் விட்டதற்காக நெஞ்சம் நொந்ததை, பிற பெற்றோருக்குப் படிப்பினையாகப் பதிவு செய்தார்.

பெரியம்மை ஒழிந்ததென 1980இல் உலக நலவாழ்வு அமைப்பு அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி! வேறொரு கிருமியால் வரும் சின்னம்மை மட்டும் இன்னும் உலவுகிறது. 1964இல், ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகாஹாஷியின் மூன்று வயது மகன், அந்நோயால் மூச்சுத் திணறிக் கிடந்தான். பிள்ளை பிழைத்தான், தந்தை அந்த இரவுகளை மறக்கவில்லை. 1974இல், கிருமியை வலுவிழக்கச் செய்து, சின்னம்மைக்குத் தடுப்பூசி கண்டார்.

நம் தெருவிலோ? என் வகுப்பில் ஓர் இடம் வெறுமையானால், அந்த வீட்டு வாசலில் வேப்பிலை தொங்குகிறது. "அம்மா வந்திருக்கிறாள், தானே இறங்குவாள்" என்கின்றனர். பெரும்பாலும் இறங்கவும் செய்கிறது. பெருமை வேப்பிலைக்குப் போகிறது! சிலருக்கோ நுரையீரலை, மூளையைத் தாக்குகிறது. கருவுற்ற தாய்க்கும் கருவுக்கும் கேடு விளைக்கிறது. நரம்பிலே பதுங்கிப் பல்லாண்டு கழித்து அக்கியாகக் கிளம்புகிறது. அதற்கும் காவி குழைத்து எழுதுகிறோம்!

போடலாமா, வேண்டாமா? கேளுங்கள், தோழர்களே, கேட்பதே பகுத்தறிவு. கருவுற்றோருக்கும், நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியோருக்கும் இந்த ஊசி ஆகாது. ஆகவே மருத்துவரைக் கேளுங்கள். ஆனால், இன்றே கேளுங்கள். 'பிறகு பார்க்கலாம்' என்பதும் ஒரு முடிவுதான். அதன் விலையை, பிலடெல்பியாவில் ஒரு தந்தை தந்து தீர்த்தார்.