செல்லிலிருந்தே செல்: மறக்கப்பட்ட ஒரு பெயர்

செல் என்றும் உயிரணு என்றும், ஈழத்தில் கலம் என்றும் நாம் வழங்கும் அந்தச் சிற்றறைக்கு முதலில் பெயரிட்டவர் இராபர்ட் ஊக். 1665-இல் இலண்டனில் வெளிவந்த ‘மைக்ரோகிராபியா’ நூலில், தக்கையின் மெல்லிய சீவலில் தாம் கண்ட அறைகளை அவர் வரைந்து காட்டினார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றுச் சுவர்களே. செல்லின் நடுவே அமைந்த உட்கருவுக்கு இராபர்ட் பிரௌன் பெயரிட 1831 வரை காத்திருக்க நேர்ந்தது.

தாவரங்கள் யாவும் செல்களால் ஆனவை என்று சிலைடன் 1838-இலும், விலங்குகளும் அவ்வாறே என்று சுவான் 1839-இலும் நிறுவினர். இது வரை நம் பாடநூல்களில் படித்ததே. ஆனால் புதிய செல் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவுக்கு அவ்விருவரும் கூறிய விடை பிழையானது. கரைசலில் படிகம் திரள்வதுபோல, உருவற்ற கூழிலிருந்து செல் திரள்கிறது என்றே அவர்கள் கருதினர்.

இதை மறுத்தவர் இராபர்ட் ரெமாக். 1815-இல் போசன் நகரில் பிறந்த யூதர். கோழிக் கருவின் குருதிச் செல்கள் இரண்டாகப் பிரிவதை 1841-இலேயே கண்டார். தாவரச் செல்லுக்குத் தடித்த சுவருண்டு. எல்லை எளிதில் புலப்படும். விலங்குச் செல்லுக்கோ மெல்லிய சவ்வு மட்டுமே. எனவே அவர் தவளையின் முட்டைகளை வேதிப்பொருள்களால் இறுகச் செய்து, பிளவின்போது சவ்வும் உடன் பிரிவதைக் காட்டினார். விலங்குச் செல்கள் அனைத்தும் முன்னிருந்த செல்களின் பிரிவால் மட்டுமே தோன்றுகின்றன என்று 1852-இல் எழுதினார்.

அக்காலப் பிரஷ்யாவில் திருமுழுக்குப் பெறாத யூதர் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க இயலாது. ரெமாக் மதம் மாற மறுத்தார். மன்னருக்கே விண்ணப்பித்தும் பயனில்லை. மருத்துவத் தொழிலால் பிழைத்துக்கொண்டே ஆய்வைத் தொடர்ந்தார். 1847-இல்தான் பெர்லினில் விரிவுரையாற்ற இசைவு கிடைத்தது. முழுப் பேராசிரியர் பதவி இறுதிவரை கிட்டவேயில்லை. 1865-இல், ஐம்பது வயதில் மறைந்தார்.

செல்லிலிருந்தே செல் என்னும் கோட்பாட்டை 1855-இல் இலத்தீன் முழக்கமாக்கியவர் ருடால்ஃப் விர்ச்சோ. அங்கே ரெமாக்கின் முதன்மையை அவர் எடுத்துரைக்கவில்லை. விர்ச்சோவின் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை; நோயைச் செல்லின் நோயாகக் காணக் கற்பித்த பேரறிஞர் அவர். எனினும் அடுத்த ஆண்டே பெர்லினில் பேராசிரியர் பீடம் அவரை வரவேற்றது என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். முழக்கம் நிலைத்தது, முட்டையோடு போராடியவரின் பெயர் மங்கியது.

இன்று நாம் செல்களை உட்கரு உள்ளவை, அற்றவை என வகுக்கிறோம். உட்கரு அற்றவற்றுள்ளும் பாக்டீரியாவினின்று வேறான ஆர்க்கியா என்னும் கிளை உண்டு என்பதை 1977-இல் கார்ல் ஊஸ் காட்டினார். வகைகள் பெருகினும் ரெமாக் கண்ட விதி மாறவில்லை. நம் உடலின் ஒவ்வொரு செல்லும் மற்றொரு செல்லின் வாரிசே. மூதாதையை மறவாத இவ்வுண்மையைக் கண்டவரை நாம் மறந்திருப்பது முறையாகுமா?