லயத்து வீட்டில் மூன்று தலைமுறை



ஒரு குடும்பம் தன் பெரியோரை எங்கே அமர்த்துகிறது, தெய்வத்தை எங்கே வைக்கிறது என்பதை அதன் வீடே சொல்லிவிடும். வியட்நாமியரின் மரபு வீடுகளில் நடுப்பகுதி முன்னோர் வழிபாட்டுக்கு உரியது. செட்டிநாட்டு வீடுகளில் திண்ணையும் முற்றமும் பல தலைமுறையினரை ஒரே கூரையின்கீழ் இணைத்தன. அவர்களுக்கு வீட்டைத் தாமே திட்டமிடும் உரிமை இருந்தது. பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர்க்கு அவ்வுரிமை வாய்க்கவில்லை. நிருவாகம் கட்டித் தந்த லயத்துக்குள்ளேயே அவர்கள் தம் மரபுக்கு இடம் தேடினார்கள்.

லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட வீடுகள். முன்னே அஞ்சடி, உள்ளே ஓர் அறை, பின்னே அடுப்படி. பல தோட்டங்களில் தண்ணீர்க் குழாயும் கழிவறையும் பொதுவானவை. வேலையாள் தங்குவதற்கென்று எழுந்த இந்த அமைப்பில் தாத்தா பாட்டிக்கு இடம் எண்ணப்படவே இல்லை. ஆயினும் நம் மக்கள் அஞ்சடியைத் திண்ணையாக்கினர். பகலில் பாட்டி அங்கே அமர்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். இரவில் தாத்தா அங்கேயே பாய் விரித்தார். அறையின் ஒரு மூலை சாமி மேடையாயிற்று. மகனுக்குத் திருமணமானால் பழைய சேலை ஒன்று திரையாகி, ஓர் அறையை இரண்டாக்கியது. பின்புறம் தகரம் வேய்ந்து அடுப்படியை நீட்டினர். திருமணப் பந்தலும் துக்க வீட்டுக் கூட்டமும் லயத்து வாசலில்தான்.

இதற்கு நேர்மாறான காட்சி பத்து காஜா அருகே இன்றும் நிற்கிறது. கெல்லாஸ் தோட்ட உரிமையாளர் வில்லியம் கெல்லி ஸ்மித், 1915 அளவில் தம் குடும்பத்துக்காக ஒரு மாளிகையைக் கட்டத் தொடங்கினார். அதற்குத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் உழைத்தனர். 1926இல் அவர் லிஸ்பனில் காலமானார்; மாளிகை முற்றுப்பெறவில்லை. அம்மாளிகையில் குடும்பம் தழைக்கவில்லை; லயங்களிலோ மூன்று தலைமுறைகள் தழைத்தன. தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயில் அருகிலேயே உள்ளது.

ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி முறை 1938இல் நின்றது. இதற்கிடையே தோட்டங்களில் குடும்பங்கள் வேரூன்றின. 7 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் தொடக்கம் அதுவே. குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரம் 1966இலும் பின்னர் 1990இலும் தனிச் சட்டங்களாயின.

ஆனால் சட்டம் தரத்தைத் தந்ததேயன்றி உரிமையைத் தரவில்லை. லயத்து வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் வீடும் போகும். பணி ஓய்வு பெற்ற முதியவர், தோட்டத்தில் வேலை செய்யும் மகனையோ மகளையோ சார்ந்தே அங்கே தங்க முடிந்தது. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது இவ்வுண்மை கசப்பாக வெளிப்பட்டது. சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கத்தின் முதல் கொள்முதலாயிற்று. தொழிலாளர் தாம் உழைத்த மண்ணில் பங்குதாரராக முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

இன்று பல லயங்கள் செம்பனைக்கும் தாமான்களுக்கும் வழிவிட்டு மறைந்துவிட்டன. நாம் சொந்த வீடு வாங்கும் நிலைக்கு உயர்ந்துள்ளோம். அவ்வீட்டில் மாடி ஏற இயலாத பாட்டிக்குக் கீழே ஓர் அறை உண்டா? அவர் அமர்ந்து வாசலைப் பார்க்க ஓரிடம் உண்டா? ஓரறைக்குள்ளேயே பெரியோருக்கு இடம் கண்டவர்களின் பேரர்கள் நாம்.

ஆசிரியர்களே, நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு பணி கொடுங்கள். தாத்தா பாட்டி வாழ்ந்த வீட்டின் வரைபடத்தை அவர்களிடமே கேட்டு வரைந்து வரட்டும். யார் எங்கே உறங்கினார், அடுப்பு எங்கே, சாமி எங்கே என்று குறிக்கட்டும். பெற்றோர்களே, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிடுவோம்.