கோமாளி மீனுக்கு முதற் கவளம்

செம்மஞ்சள் உடல், அதன்மேல் மூன்று வெள்ளைப் பட்டிகள், பட்டிகளின் ஓரத்திலே மெல்லிய கருங்கோடு, நீளமோ ஒரு விரலளவு. கோமாளி மீன் என்று பெயர்பெற்ற இச்சிற்றுயிரை, கடலையே கண்டிராத சிறுவரும் இன்று அறிவர். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கச் சித்திரப் படமொன்று அதனை உலகெங்கும் அறிமுகஞ் செய்தது. ஆயினும், அம்மீன் வீட்டுத் தொட்டியிலே முட்டையிட்டு, பொரித்த குஞ்சு அங்கேயே வளர்ந்து பெருமீனாகும் நிலை எளிதில் வந்ததன்று. கண்ணாடித் தொட்டியிலே கடல்நீரை நிறுத்த மனிதன் கற்றுக்கொண்டது 1840களில். அத்தொட்டியிலே பிறந்த கோமாளிக் குஞ்சைப் பெருந்தொகையாகக் காக்கக் கற்றுக்கொண்டதோ 1970களில். இடையிலே ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. அத்தனை காலமும் தடையாய் நின்றது யாது? கண்ணாடியன்று, உப்பன்று, பிறந்த குஞ்சின் வாய்க்குப் பொருந்திய முதற் கவளமே.

கடலை வீட்டுக்குள் கொணர்ந்த வரலாறு ஒரு பெண்மணியிடமிருந்து தொடங்குவது பொருத்தமாகும். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தைச் சார்ந்த குருவொருவரின் மனைவியாகிய அன்னா தைன் அம்மையார், 1846இல் தென் இங்கிலாந்தின் தோர்க்கே கடற்கரையிலிருந்து உயிருள்ள முருகைகளைச் சாடியொன்றில் இட்டு இலண்டனுக்குக் கொண்டுவந்தார். நீர் கெடாதிருக்க, திறந்த சாளரத்தருகே நின்று அதனை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நாள்தோறும் நெடுநேரம் ஊற்றச் செய்தார். நீர் காற்றோடு கலந்தால் உயிர்கள் பிழைக்கும் என்பதை அம்முயற்சி காட்டிற்று. சில ஆண்டுகளின் பின், றொபேட் வாறிங்டன் என்னும் இரசாயன அறிஞர் தங்கமீன், நீர்த்தாவரம், நத்தை ஆகிய மூன்றையும் ஒரே தொட்டியிலிட்டு வைத்தார். மீன் விடும் கரியமிலவாயுவைத் தாவரம் ஏற்கின்றது; தாவரம் தரும் பிராணவாயுவை மீன் ஏற்கின்றது; அழுகலை நத்தை உண்கின்றது. இந்தச் சமநிலையை அவர் 1850இல் விளக்கியுரைத்தார்.

1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையிலே பொதுமக்களுக்கென மீன் காட்சிமனை திறக்கப்பட்டது. மறு ஆண்டிலே பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கையறிஞர் எழுதிய நூல், 'அக்குவேரியம்' என்ற பெயரையே நிலைநாட்டியது. வீடுதோறும் தொட்டி வைக்கும் மோகம் பரவியது. மக்கள் கூடைகளோடும் உளிகளோடும் கடற்கரைப் பாறைகளை மொய்த்தனர். எடுத்துச் சென்றவற்றுட் பல சில நாட்களிலே மடிந்தன. மடிந்தவற்றுக்கு ஈடாக மேலும் எடுத்தனர். தம் தந்தையாரின் நூல்களைப் படித்துப் புறப்பட்ட கூட்டமே அக்கரைகளின் அழகைச் சூறையாடியதையும், அதனை எண்ணித் தந்தையார் வருந்தியதையும், அவருடைய மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் வெளியிட்ட நூலிலே பதிந்து வைத்துள்ளார். அன்பு கொண்டு நெருங்கியவர்களாலேயே அழிவு நேர்ந்தது. மீன்தொட்டியின் வரலாற்றிலே இக்குறை மீண்டும் மீண்டும் தலைகாட்டியது.

கோமாளி மீனினம் அறிவுலகுக்குத் தெரியவந்த வரலாற்றிலே இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. இங்கு அரச சேவையிலிருந்த பென்னெற் என்பவர், இலங்கைக் கடலோர மீன்களை வண்ணப்படங்களுடன் விவரித்து நூலொன்று வெளியிட்டார். அந்நூலிலே 1830இல் அவர் விவரித்த மீனொன்று, இன்று கிளார்க்கின் கோமாளி மீன் என வழங்கப்படுகின்றது. பாரசீகக் குடாவிலிருந்து மேற்குப் பசிபிக் வரை பரந்து வாழும் அவ்வினத்துக்கு அறிவியற் பெயர் பிறந்த இடம் இலங்கைக் கடலே.

ஆனால், அம்மீன் வாழும் விந்தையான வீட்டைப் பற்றிய செய்தி பின்னரே வந்தது. கடற்சாமந்தி என்பது பூவைப் போலத் தோன்றும் ஒரு விலங்கு. அதன் இதழ்போன்ற கைகளிலே நச்சூசிகள் நிறைந்துள்ளன. பிற சிறுமீன்கள் தீண்டினால் மடியும். கோமாளி மீனோ அதனுள்ளேயே உறங்குகின்றது. தென்சீனக் கடற்பகுதியிலே இதனைக் கண்ட ஆங்கிலேயரான கத்பேட் கொலிங்வுட் 1868இல் அச்செய்தியை வெளியிட்டார். மீனின் உடலைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான கோழை அதனைக் காக்கின்றது என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிவு. சாமந்தி மீனுக்குப் புகலிடம் தருகின்றது. சாமந்தியின் கைகளைக் கடித்துண்ண வரும் மீன்களைக் கோமாளி மீன் துரத்துகின்றது. 1930இல் ஒல்லாந்த அறிஞர் யான் வெர்வே, பத்தேவியாக் குடாவில் நிகழ்த்திய ஆராய்ச்சியின் பயனாக இவ்விரண்டின் கூட்டுவாழ்வை விரிவாக எழுதினார். அந்தப் பத்தேவியாவே இன்றைய யக்கார்த்தா.

ஏறத்தாழ அதே காலத்திலே, 1930களில், கடல் அலங்கார மீன்களைப் பிறநாடுகளுக்கு அனுப்பும் தொழில் இலங்கையிலே மிகச் சிறிய அளவில் தொடங்கியது. 1950களில் அத்தொழில் ஹவாய், பிலிப்பைன்ஸ் முதலிய இடங்களிலும் விரிந்தது. வானூர்திப் போக்குவரத்து பெருகவே, பிராணவாயு நிரப்பிய பைகளிலே மீன்கள் கண்டம் விட்டுக் கண்டம் சென்றன. 1964இல் அமெரிக்காவிலே செயற்கைக் கடலுப்பு விற்பனைக்கு வந்தது. கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள நகரங்களிலும் கடல்மீன் வளர்ப்பது இயல்வதாயிற்று. வேட்கை மிக, பிடிக்கும் முறையும் கொடிதாயிற்று. பிலிப்பைன்ஸிலே 1960களில் சோடியம் சயனைட்டு என்னும் நஞ்சை முருகைக்கற்பாறை இடுக்குகளிலே பீய்ச்சி, மயங்கிய மீன்களைப் பொறுக்கும் வழக்கம் பரவியது. மீன்கள் பலவும் வழியிலே மடிந்தன. நஞ்சு பட்ட முருகைகளும் மடிந்தன. இங்கிலாந்தின் கரையிலே ஒரு நூற்றாண்டுக்கு முன் உளி செய்த வேலையை, இங்கே நஞ்சு செய்தது.

தொட்டியிலேயே குஞ்சு வளர்த்தால் இத்துயர் குறையுமன்றோ? கோமாளி மீன் முட்டையிடத் தயங்குவதில்லை. மொனாக்கோ கடலாராய்ச்சி நிலையத்திலே கார்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர் அம்மீனின் இனப்பெருக்க ஒழுக்கத்தைத் தொட்டியிலே கண்டு 1951இல் எழுதினார். இடர் அதன் பின்னரே. பொரித்த குஞ்சின் நீளம் மூன்று அல்லது நான்கு மில்லிமீற்றர். அது உடனே கடற்பரப்பை நோக்கி எழுந்து, மிதக்கும் நுண்ணுயிர்களை வேட்டையாடி உண்ணும் இயல்புடையது. தொட்டியிலே அத்தகைய இரை இல்லை. தூளாக்கிய உணவை அது தீண்டாது. அசையும் இரையையே நாடும். ஓரிரு நாட்களுள் பசியால் மடிந்துபோகும். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் பிறந்த தொட்டியிலே, சில நாட்களின் பின் ஒன்றேனும் எஞ்சாது.

உப்பளங்களிலே வாழும் ஆர்ட்டீமியா என்ற சிற்றிறாலின் முட்டைகள் உலர்ந்த நிலையிலே நெடுங்காலம் கெடாமலிருக்கும். உப்புநீரிலிட்டால் ஏறத்தாழ ஒரு நாளிலே பொரிக்கும். அதன் குஞ்சு மீன்களுக்கு நல்லுணவென 1933இல் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த அல்வின் சீல் எடுத்துக்காட்டினார். 1939இல் நோர்வே நாட்டு அறிஞர் றொலெவ்சன், கடல்மீன் குஞ்சுகளுக்கு அதனை ஊட்டிய செய்தியை வெளியிட்டார். ஆயினும், அன்று பிறந்த கோமாளிக் குஞ்சுக்கு அதுவும் பெரிய கவளமே.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. யப்பானிய விலாங்குக் குளங்களிலே நீரின் நிறம் திடீரென மாறிக் கெடுவதுண்டு. அதற்குக் காரணமானவற்றுள் ஒன்று ரோட்டிபர் என்னும் நுண்ணுயிர். தலைப்புறத்திலே சக்கரம் சுழல்வதுபோல் மயிரிழைகள் அசைவதால் அதற்கு அப்பெயர் அமைந்தது. அதன் நீளம் ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படுவது அரிது. குளத்துக்குப் பகை என்று கருதப்பட்ட அவ்வுயிரைத் தனியே பெருக்கிக் கடல்மீன் குஞ்சுக்கு ஊட்டலாமென, தக்காஷி இத்தோ என்னும் அறிஞர் 1960இல் காட்டினார். மெல்ல நீந்துவது, விரைந்து பெருகுவது, குஞ்சின் வாய்க்கு அளவானது என்னும் மூன்று நலன்களும் அதனிடம் ஒருங்கே அமைந்திருந்தன. ஒருவன் தொல்லையென வெறுத்தது மற்றொருவனுக்கு அமுதமாயிற்று.

இதன்பின் கதவு திறந்தது. 1970களின் தொடக்கத்திலே அமெரிக்காவின் புளோறிடாவில், மார்ட்டின் மோ என்னும் கடலுயிர் அறிஞர் கோமாளி மீனை வணிக அளவிலே வளர்த்தெடுத்தார். தாம் கையாண்ட முறையை 1973இல் எழுதியும் வெளியிட்டார்.

இன்று ஆர்வமுள்ள இல்லத்தவரும் அம்முறையைக் கைக்கொள்கின்றனர். முதலில் வேண்டுவது ஓர் இணை. இங்கும் இயற்கை ஒரு விந்தையை வைத்துள்ளது. கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே முதிர்ச்சி பெறும். கூட்டத்திலே பெரியது பெண்ணாக மாறும். அப்பெண் இறந்தால் அதன் துணையாகிய ஆணே பெண்ணாகும். யேர்மனிய அறிஞர்களான ஹான்ஸ் விரிக், சிமோன் விரிக் ஆகியோர் 1977இல் இதனைத் தெளிவுபடுத்தினர். ஆகவே, இளமீன்கள் இரண்டைச் சேர்த்து வளர்த்தாற் போதும். காலப்போக்கிலே அவை இணையாகிவிடும். கடற்சாமந்தி இல்லாவிடினும் கவிழ்த்து வைத்த மண்சட்டியின் புறத்தே பெண் முட்டையிடும். ஆண் தன் துடுப்பால் விசிறி, கெட்ட முட்டைகளை நீக்கிக் காவல்செய்யும். செம்மஞ்சள் நிறமான முட்டைகள் நாளடைவிலே வெள்ளி போல் ஒளிரும். அவ்வொளி உள்ளிருக்கும் குஞ்சின் கண்களுடையது. ஏறத்தாழ ஒரு வாரத்திலே, விளக்கணைந்து இருள் சூழ்ந்த பின் அவை பொரிக்கும். வளர்ப்பவர் குஞ்சுகளை வேறு தொட்டிக்கு மாற்றி, பசும்பாசி கலந்த நீரிலே ரோட்டிபரை ஊட்டுவார். சில நாட்களில் ஆர்ட்டீமியாவுக்கு மாற்றுவார். எட்டு முதல் பன்னிரண்டு நாட்களுள் மிதந்து திரிந்த குஞ்சு அடியை நாடும். வெண்பட்டிகள் தோன்றத் தொடங்கும். அந்நாளைக் கடந்தவை பெரும்பாலும் பிழைக்கும்.

இலங்கையின் அண்டையிலும் இக்கலை வேரூன்றியது. மன்னார்க் குடாவையும் பாக்கு விரிகுடாவையும் நோக்கியிருக்கும் மண்டபத்திலே, இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனினமொன்றை முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்த முறை 2001இல் வெளியாயிற்று.

இவ்வெற்றியின் எல்லையையும் உணர்தல் வேண்டும். கோமாளி மீன் முட்டையைக் கல்லிலே ஒட்டிக் காக்கும் இனம். அதன் குஞ்சும் ஒப்பளவிலே பெரிது. முட்டைகளை நீரிலே சிதறவிடும் முருகைக்கற்பாறை மீன்கள் பலவற்றின் குஞ்சுகளோ இன்னும் நுண்ணியவை. அவற்றுட் பலவற்றுக்கு ரோட்டிபரும் பெரிதாகும். ஆதலால், வணிகத்திற்கு வரும் கடல் அலங்கார மீனினங்களிற் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. இலங்கையிலும் சுழியோடி மீன் பிடித்து வயிறு வளர்க்கும் குடும்பங்கள் உள்ளன. தொலைதூர நகரத்துத் தொட்டியிலே மீன் பிறந்தால் அவர்களுடைய கையிலிருந்த தொழில் நழுவும். முருகைக்கற்பாறை அழிந்தாலும் அதே தொழில் நழுவும். 1998இல் கடல்நீர் வெப்பமுற்று இலங்கைக் கரையோர முருகைகள் வெளிறி மடிந்தபோது அந்த அச்சம் கண்முன்னே நின்றது. குஞ்சு வளர்க்கும் கலை கரையோர மக்களின் கைக்கே வருமாயின், ஒரு தீர்வுக்கு வழி பிறக்கும்.

அழகை விரும்புவது மனித இயல்பு. விரும்பியதைப் பறித்துவருவது எளிது. அதனைப் பேணிப் பெருக்குவதே அரிது. இங்கிலாந்தின் பாறைகளிலே பறித்தவர்களுக்கு ஒரு கூடை போதியதாயிருந்தது. வளர்க்க முனைந்தவர்களுக்கோ, மிகச் சிறிதான ஓருயிரின் பசியை அறிந்துகொள்ள நூற்றாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது. ஒரு குஞ்சின் முதற் கவளத்தை அறிந்தவனே அதனைப் பேணும் தகுதியைப் பெறுகின்றான்.